விற்காத சீட்டுக்கு விழுந்த ஹவுஸி

ஹவுஸி என்கிற தம்போலா ஆட்டத்துக்கு நான் எழுதிய ப்ரோக்ராம், வெளியே போன முதல் நாளே யாரும் வாங்காத சீட்டுக்கு முதல் பரிசைக் கொடுத்தது.

பல்லாவரத்தில் ஒரு சர்ச் விழா. பெருங்களத்தூரில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனிக்கு அதுதான் முதல் ஆர்டர். "இது சொதப்புச்சுன்னா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதாம்மா" என்று முதலாளி முரளி சார் காலையிலேயே ஆசீர்வாதம் செய்திருந்தார். மரியாதைக்கு அவரும் ஒரு சீட்டு வாங்கி முதல் வரிசையில் உட்கார்ந்தார். 88ஆம் சீட்டு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வேலை இதுதான். அறுநூறு சீட்டுகளும் மெஷினுக்குள் இருக்கும். நம்பர் விழ விழ எல்லாச் சீட்டிலும் அதை அடித்துக்கொண்டே வரும். எதில் பதினைந்து எண்ணும் அடிபடுகிறதோ, அந்தச் சீட்டைப் பெரிய திரையில் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிடும். வாங்கியவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி, ‘ஹவுஸி’ என்று கத்துவதற்குள் முடிவு வந்துவிடும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

திரையில் 317 வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. விழாச் செயலாளர் நாற்காலிக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்து, விற்காத கட்டிலிருந்து 317ஐ உருவிக் காட்டினார். சீட்டு விற்றதா என்று பார்க்கும் ஒரு வரியை எழுத மறந்திருந்தேன்.

ரிட்டயரான கணக்கு டீச்சர் ஸ்டெல்லா எழுந்தார். அவருக்கு ஒரே ஒரு நம்பர் பாக்கி.

"ஹவுஸின்னு யாராவது கத்துனாங்களா? கத்தலைன்னா ஆட்டம் முடியலை. அடுத்த நம்பரைப் போடுங்க."

பெரிய திரையை அணைத்துவிட்டுப் போட்டேன். என் லேப்டாப்பில் மட்டும், நிறைந்த சீட்டு 88 என்று வந்தது. முரளி சார் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மெஷின்காரரே ஜெயித்தால் அந்தக் கூட்டம் எங்களை முழுசாக அனுப்பியிருக்காது. போடு என்று தலையசைத்தார்.

அடுத்த நம்பருக்கு டீச்சர் கத்தியது ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். லேப்டாப்பில் 204 வந்தது, அவருடைய சீட்டுதான். "மெஷின் கரெக்டா சொல்லுதே" என்று லேப்டாப்பை எட்டிப் பார்த்து ஃபாதர் பாராட்டினார். அங்கேயே இன்னொரு சர்ச்சிலிருந்து ஆர்டர் வந்தது.

திரும்பும் வழியில், தாம்பரம் தாண்டும்போது முரளி சார், "பரிசு வெட் கிரைண்டராம்மா? எங்க வீட்ல சொல்லிடாத" என்றார்.

மறுநாள் ப்ரோக்ராமில் இரண்டு வரி சேர்த்தேன். சீட்டு விற்றதா? யாராவது கத்தினார்களா? எந்தச் சீட்டு நிறைந்தது என்பது மெஷினுக்கு எப்போதும் முதலில் தெரியும். யாராவது கத்தும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க அதற்குக் கற்றுக்கொடுத்தது முரளி சார்தான்.