சும்மாரின் சுவருக்கு ஒரு பரிசு

குன்னங்குளத்தில் அச்சகம் வைக்காதவனைக் கண்டால் எனக்கு அவன்மேல் தனி மரியாதை. நானும் வைக்கவில்லை. என் பெயர் பொறிஞ்சு. பள்ளி ரோட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை நடத்துகிறேன். ஊரில் எவனுக்குப் பரிசு கிடைத்தாலும் அது சுவரேறும் முன் என் மேசைக்கு வந்தாக வேண்டும். ஆகவே சும்மார் சேட்டனின் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. இதில் எனக்கு அடக்கமெல்லாம் இல்லை.

சும்மார் சேட்டன் பிறவி அச்சுக்காரர். சர்ச் பெருநாள் நோட்டீஸில் யானையை அச்சடிப்பது லேசான வேலையல்ல. மற்ற அச்சகங்களில் அது கரி மூட்டையாகிவிடும், மேலே நெற்றிப்பட்டம் மட்டும் மின்னும். சேட்டன் அடித்தால் காதோரத்துப் புள்ளிகூடத் தெரியும். இப்படிப்பட்டவருக்கு எங்கள் அச்சகச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு முறைகூட 'சிறந்த அச்சு' பரிசு கிடைத்ததில்லை. காரணம், அவர் அவ்வளவு நன்றாக அடிப்பதுதான்.

விளக்குகிறேன். வென்றவர்களுக்குக் கொடுக்கும் சான்றிதழை யாராவது ஓர் உறுப்பினர்தான் அடித்தாக வேண்டும். "அடிக்கிறவன் தன் பேரையே சேர்த்து அடிச்சுட்டா என்ன பண்றது?" என்று எப்போதோ ஒருவன் கேட்டிருக்கிறான். பெயரைக் காலியாக விட்டுப் பிறகு கையால் எழுதலாம் என்று இன்னொருவன் சொல்ல, அச்சுக்காரர்கள் சங்கத்தில் கையெழுத்துச் சான்றிதழா என்று அவனை அடிக்காத குறை. கடைசியில் ஒரு விதி வந்தது: சான்றிதழ் அடிப்பவர் அந்த வருடம் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. சான்றிதழ் அழகாக இருக்க வேண்டுமே, அதனால் வருடா வருடம் வேலை சும்மார் சேட்டனுக்கே போனது.

சேட்டன் கடைக்கு எதிர்வரிசையில் இருந்த குரியாக்குவின் அச்சகச் சுவரோ பரிசுகளால் நிறைந்திருந்தது. குரியாக்கு வேறு யாருமல்ல, சும்மார் சேட்டனின் மனைவி குஞ்ஞன்னத்தின் அண்ணன். கல்யாணக் கார்டு அடிக்க வருகிறவர்களிடம், "நாங்க பேச மாட்டோம், சுவத்தைப் பாருங்க" என்பான். அவர்கள் பார்ப்பார்கள். தங்க ஓரமும் கூர்மையான எழுத்துமாக வரிசையாகச் சான்றிதழ்கள். அத்தனையும் சும்மார் சேட்டன் அடித்தவை! அதைச் சொல்ல வேண்டிய அவசியம் குரியாக்குவுக்கு ஏற்பட்டதில்லை.

சேட்டனின் சுவரில் பிஷப் திருமேனியின் படமும் ஒரு காலண்டரும் மட்டும். ஈஸ்டர் விருந்துக்கு வரும்போதெல்லாம் குரியாக்கு அதைப் பார்த்துத் தங்கை புருஷனிடம், "அளியா, சுவத்துக்கு வெள்ளை அடிக்க நல்ல வசதி" என்பான். சேட்டன் சிரித்து வைப்பார். அப்புறம் என் கடைக்கு வந்து, "பொறிஞ்சு, ஒண்ணே ஒண்ணு போதுண்டா. சாகுறதுக்குள்ள ஒண்ணு மாட்டணும்" என்பார். சொல்லும்போது முகம் பார்க்கச் சகிக்காது.

ஒரு வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சான்றிதழை மோசமாக அடித்தால் அடுத்த முறை தன்னிடம் தர மாட்டார்கள் அல்லவா? சிவப்பு மை மற்ற நிறங்களோடு பொருந்தாதபடி மயிரிழை விலக்கி வைத்து ஒரு கட்டு அடித்தார். அடித்த தாளைத் தூக்கிப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டாராம். மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி ஒழுங்காக அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

குஞ்ஞன்னம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஈசோயே! ஓ மனுஷா, உங்களுக்கு வாய் இருக்கில்ல? முடியாதுன்னு சொன்னா என்ன, நாக்கு வெந்துடுமா?"

அடுத்த வருடம் சேட்டன் சங்கத் தலைவர் இட்டூப்பு மாஷிடம் போய், "இந்தத் தடவை நான் போட்டிக்கு" என்று சொல்லிவிட்டார். மாஷ் சான்றிதழ் வேலையைக் குரியாக்குவிடம் கொடுத்தார். அவனும் பெருமையாக வாங்கிக்கொண்டான். எப்படியும் அவன் சுவரில் இடமும் இல்லை.

விழா டவுன் ஹாலில் நடந்தது. கொச்சியிலிருந்து வந்திருந்த நடுவரம்மா சேட்டனின் பெருநாள் போஸ்டரைத் தூக்கிப் பிடித்து, "இந்த யானைக்குக் கண்ணிமை மயிர் தெரியுது!" என்றார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சேட்டன் மேடையிலேயே அழுதார். கீழே குஞ்ஞன்னம் அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? விழா விருந்துக்கு வைத்திருந்த வாத்துக் கறி மட்டும் ஆறிப்போனது.

மறுநாள் காலை சான்றிதழ் என் மேசைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். தங்க ஓரம் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டின் நிறத்தில் இருந்தது. வண்ணங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி, மேலே அச்சாகியிருந்த இட்டூப்பு மாஷின் படத்தில் அவருக்கு இரண்டு மீசை. நடுவில் 'சிறந்த அச்சுக்கான பரிசு' என்ற வரி கலங்கிக் கிடந்தது.

"போடு, போடு. பரிசு பரிசுதானே" என்றார் சேட்டன். குரலில் சத்தில்லை.

மாட்டினார். அந்த வாரமே ஒரு பெண்ணின் அப்பா கல்யாணக் கார்டு அடிக்க வந்தார். சுவரைப் பார்த்தார். பக்கத்தில் போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நீங்க அடிச்சதா?"

"ஐயோ, இல்லைங்க. இது எனக்குக் கொடுத்தது."

"நல்லா அடிச்சதுக்கா?"

"ஆமா."

அவர் கையிலிருந்த மாதிரிக் கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி ரோட்டைக் கடந்து நேராகக் குரியாக்குவின் அச்சகத்துக்குள் நுழைந்தார். அங்கே சுவர் பளபளவென்று இருந்தது.

சேட்டன் சான்றிதழோடு என் கடைக்கு ஓடிவந்தார். "பொறிஞ்சு, குளியலறை ஜன்னலுக்குப் போடுவாங்களே, மங்கலான கண்ணாடி, அது போட்டுத் தர்றியா?"

"அதுக்குப் பேசாம திருப்பி மாட்டலாமே சேட்டா."

இத்தனை வருடம் ஆசைப்பட்டது கையில் இருக்கிறது, கண்ணில் காட்ட முடியவில்லை. எனக்குக் குரியாக்குமேல் வந்த கோபத்துக்கு, கையில் சுத்தியல் இருப்பது ஆபத்து என்று அதைக் கீழே வைத்தேன். கடைசியில் குஞ்ஞன்னம் சான்றிதழை வாங்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் அரிசிப் பானைக்கு மேலே மாட்டினாள். "இங்க மாட்டினா நான் பாத்துக்குவேன். நான் எதிர்க்கடைக்குப் போக மாட்டேன்" என்றாள்.

அடுத்த விழா நெருங்கியபோது இட்டூப்பு மாஷே சேட்டனைத் தேடி வந்தார். இரண்டு மீசையை வைத்து அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள்வரை கேலி.

"சும்மாரே, பழையபடி நீயே அடிச்சுக் கொடு."

"அடிக்கிறேன் மாஷே. ஆனா ஒரு நோட்டீஸ் அடிச்சாக்கூட அடியில பிரஸ் பேர் போடுறோம். சான்றிதழ்லயும் போடணும்."

"சான்றிதழ் என்ன நோட்டீஸா? மரியாதை வேண்டாமா?"

"அப்ப குரியாக்குகிட்டயே கொடுங்க."

மாஷ் மீசையைத் தடவினார். சம்மதித்தார்.

அந்த வருடம் 'சிறந்த அச்சு' குரியாக்குவுக்கு. சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான். பிரமாதமான அச்சு. மாஷுக்கு ஒரே மீசை.

"பொறிஞ்சு, அகலமான சட்டமாப் போடு. கீழ்ப்பக்கம் நல்லா உள்ள ஏறணும்."

நான் பார்த்தேன். 'அச்சு: சும்மார் பிரஸ்' என்ற வரி தாளின் அடியில் இல்லை. மாஷின் கையெழுத்துக்கு நேர் கீழே, அதை ஒட்டி, அழகாக நின்றது. மைத்துனனைச் சேட்டனுக்குத் தெரியாதா என்ன?

"அந்த வரி மறையணும்னா மாஷோட கையெழுத்தும் சேர்ந்து மறையும். பரவாயில்லையா?"

"மறைஞ்சா மறையட்டும்."

"கையெழுத்து இல்லேன்னா, நீங்களே உங்க பிரஸ்ல அடிச்சு மாட்டிக்கிட்டதா நினைப்பாங்க."

"போடா! என் பிரஸ்ல இவ்வளவு நல்லா அடிக்க முடியும்னு எவன்..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். சாலைக்கு அந்தப் பக்கம் சேட்டனின் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"சரி, ஒல்லிச் சட்டமே போடு" என்றான்.

போட்டேன். கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தை மட்டும் இன்னொரு முறை துடைத்துக் கொடுத்தேன்.