பொட்டு வைத்த தோட்டா

ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்குக் குறை பார்க்கிற வேலை. பித்தளை உதிரிபாகங்கள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் விளக்கடியில் லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிவப்பில் ஒரு புள்ளி வைத்து ஒதுக்கிவிட வேண்டும். ஆறு வருஷமாக இதையே செய்வதால் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. என் கண்ணைத் தாண்டி ஒன்றும் போகாது என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் திருப்பதியில், ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் கன்மேன். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் வைத்திருப்பவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள். இவரிடம் ஒரு ரிவால்வர் இருக்கிறது. பதினோரு வருஷத்தில் டியூட்டியில் ஒரு தரம்கூட அதைச் சுட்டதில்லை. ஆனால் தினமும் வண்டி கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் மேனேஜர் துப்பாக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஆறு தோட்டா இருக்க வேண்டும். குறைந்தால் வண்டியில் ஏற முடியாது. அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக நிற்பான்.

ஒரு சனிக்கிழமை கம்பெனியே எல்லா கன்மேன்களையும் கூட்டிக்கொண்டுபோய்ச் சுடும் பயிற்சி கொடுத்தது. தோட்டா மட்டும் அவரவர் பொறுப்பு. இவரிடம் இருந்த பத்தில் ஆறு தீர்ந்துபோயிற்று. சுட்ட காலிக் கூடுகளைக் காட்டினால்தான் புதுசு தருவார்கள் என்று சாயங்காலம் அவற்றை எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனால், ஸ்டாக் இல்லை, வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றாராம் கடைக்காரர். கையில் நான்கு. திங்கட்கிழமை காலைக்குள் இன்னும் இரண்டு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்தான். நகரியில் விசைத்தறிகளைப் பழுது பார்ப்பவன். எது உடைந்தாலும் தன்னால் முடியும் என்று நினைக்கிற ஜாதி.

"ரெண்டுதான மாப்ள? இந்தக் கூட்டுலயே அடைச்சிக் குடுக்கறேன். தறிக்குப் பல்சக்கரமே கடைஞ்சிக் குடுக்கறவன் நானு, இது இன்னா பெரிய வேல?"

"மாட்டினா லைசென்சும் போவும், ரெண்டு பேரும் உள்ளயும் போவீங்க" என்று கத்தினேன்.

"நான் இன்னா சுடவா போறேன்?" என்றார் இவர். "காலைல அந்தாளு தொறந்து பார்ப்பாரு. ஆறு தெரியணும். அவ்ளோதான்."

எனக்குக் கோபம் வந்தால் வாய் நீளும். அன்றைக்கும் நீண்டது. அந்தக் கூடுகளைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. திட்டிக்கொண்டே போய் என் பையிலிருந்து லென்ஸை எடுத்து வந்தேன். எப்படியும் செய்யப் போகிறார்கள், நல்ல கூட்டிலாவது செய்யட்டும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆறையும் பார்த்தேன். நான்கில் குறை இல்லை. ஒன்றின் வாயோரம் தலைமயிர் ஒட்டியதுபோல ஒரு கோடு இருந்தது. துடைத்தேன், போகவில்லை. இன்னொன்றில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் ஓடியது. அந்த இடத்தில் உலோகம் இளைத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தடவை அங்கேதான் பிய்த்துக்கொள்ளும். அடையாளம் வைக்க மார்க்கர் இல்லை. சாமி அலமாரியில் இருந்த குங்குமத்தை ஈர விரலால் தொட்டு அந்த இரண்டிலும் வைத்தேன். அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. "பார்த்துட்டேன், பொட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அண்ணன் கூடுகளை எடுத்துக்கொண்டு போய், மத்தியானம் சாப்பாட்டுக்கு அடைத்த இரண்டு தோட்டாவோடும் மிச்சக் கூடுகளைப் போட்ட டப்பாவோடும் திரும்பி வந்தான். வெடிமருந்தை எங்கே பிடித்தான் என்று கேட்டதற்குச் சிரித்தான். "பார்த்து எடுத்தியா?" என்றேன். "பொட்டு பார்த்துதான் எடுத்தேன்" என்றான். நிம்மதியாகச் சோறு போட்டேன்.

திங்கட்கிழமை இவர் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். எனக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். ஒன்பது மணி வாக்கில் அலமாரியைத் துடைக்கும்போது கூடுகள் இருந்த டப்பாவைத் திறந்தேன். நான்கு இருந்தன. ஒன்றிலும் பொட்டு இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நான்கும் நல்லவை. கோடு விழுந்ததும் இல்லை, வளையம் ஓடியதும் இல்லை. கெட்ட இரண்டும் இப்போது அவர் துப்பாக்கியில்; சுட்டால் கையிலேயே வெடிக்கும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நீதான பொட்டு வச்ச?" என்றான். "தறிக்கு வைக்கறோம், வண்டிக்கு வைக்கறோம். நல்லதுக்குத்தான வைப்பாங்க? கெட்டதுக்கு எவளாவது பொட்டு வைப்பாளா? அத தொடச்சிட்டுதான் அடைச்சேன்."

போனை வைத்தேன். டியூட்டியில் கன்மேன்களின் போன் ஆபீசில் பூட்டியிருக்கும். மேனேஜருக்குச் சொன்னால் போலீஸ் வரும். நானே போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வெயிலுக்குத் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன்.

பதினோரு வருஷம் சுடாதவர் இன்றைக்கா சுடப்போகிறார் என்று ஒரு மனம் சொல்லும். சுட வேண்டிய நாள் என்று ஒன்று இருந்தால் அது இன்றைக்குத்தான் வரும் என்று இன்னொரு மனம் சொல்லும். புத்தூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அவ்வளவு பொறுமையாக டீ குடித்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் வழியாக அவரை ஆசை தீரத் திட்டினேன். கண்ணை மூடினால் இவருடைய வலது கை வந்தது, விரல்கள் இல்லாமல்.

திருப்பதியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வண்டி போகும் ஏடிஎம்களை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி ரோட்டில் இல்லை. இப்போதுதான் போனது என்றார் ஏடிஎம் வாட்ச்மேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனேன். அங்கே வண்டி நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. ஒருவர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் சுவரை ஒட்டி நின்றார். ஆட்டோவிலிருந்து குதித்து நேராக ஓடினேன்.

முகத்தில் துணி கட்டியிருக்கிறேன், பெட்டி இறங்கும் நேரத்தில் பணவண்டியை நோக்கி ஓடுகிறேன் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ஆகு! அக்கடே ஆகு!"

நில், அங்கேயே நில் என்று தெலுங்கில் கத்தியது என் வீட்டுக்காரர். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. என் நெஞ்சுக்கு நேராக நின்றது. விரல் விசையில் இருந்தது.

துணியைப் பிய்த்து எறிந்தேன். "வாணாம்யா! சுட்டுடாத! சுட்டுடாத!"

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். துப்பாக்கி இறங்கியது. பெட்டி வைத்திருந்தவர், "எவரு ஆமெ?" என்று அலறினார், யார் அவள் என்று. "நா பார்ய" என்றார் இவர், என் பெண்டாட்டி என்று, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. கூட்டம் கூடிவிட்டது. நான் அவர் காதருகே போய், "அதுல ரெண்டு விரிஞ்ச கூடு. அண்ணன் மாத்தி எடுத்துட்டான்" என்றேன். அவர் திரும்பி நின்று துப்பாக்கியைத் திறந்தார். அண்ணன் அடைத்த இரண்டும் தனியாகத் தெரிந்தன. அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

சாயங்காலம் ஆபீசில் திறந்து பார்த்தபோது நான்குதான் இருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். இவர் நேராகக் கடைக்காரரிடம் போய் அந்த இரண்டையும் பிரித்து அழிக்கச் சொல்லிக் கொடுத்து, அவர் வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். நானும் ஷிப்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன்.

பஸ் புத்தூரைத் தாண்டியது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் உன்ன சுட்டுடுவேன்னா நெனைச்ச?"

"இல்லயா. சுட்டா உன் கை போயிடுமேன்னு கத்தினேன்."

"நேரா உன் நெஞ்சுக்குத்தான புடிச்சிக்கினு இருந்தேன். உனக்கு இன்னா ஆயிருக்கும்?"

அவர் கேட்கும்வரை அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அப்படியே சொன்னேன். அவர் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நான் அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.