மூங்கில் வளைவில் வைத்த சோறு

பேய், முனி என்று எவனாவது வாயைத் திறந்தால் "போடா, வேலையப் பாத்துக்கிட்டு" என்று விரட்டுகிற ஆள் நான். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். சாமி கும்பிடுவேன், அதோடு சரி. அதனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. நானே உங்கள் இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் நடந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. கோலா பிலா பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். தொழிலாளர் வீடுகளான லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். வேலியை ஒட்டி ஒரு புதர், ஒரு செடி விடாமல் வெட்டித் தள்ளியிருந்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வெந்த சோறு ஒரு பிடிகூட கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அரிசியையே வீட்டுக்குத் தரமாட்டார்கள். பொதுச் சமையல் கொட்டகையில் பொங்கி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து போடுவார்கள். வெளியே சோற்றோடு பிடிபட்டால் ஜெயில்தான், கேள்வியே கிடையாது. வெறும் வயிற்றோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போய், வெறும் வயிற்றோடு திரும்பி வந்த காலம்.

எங்கள் பால் லோரியை ஓட்டியவர் பெருமாள் அண்ணன். தோட்டத்தில் இறக்கிய ரப்பர் பாலை டிரம்மில் ஏற்றிக்கொண்டு கோலா பிலா ரோட்டில் இருந்த பெரிய ஃபேக்டரிக்குக் கொண்டுபோவார். நல்ல உயரம், நல்ல வாய். வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றும்போது அது திருப்பி அடித்ததில் போய்விட்டது. "சம்பளத்துல பிடிச்சிக்கிட்டாங்கடா" என்று அதையும் கேலி பேசுவார். முன்பெல்லாம் அவர் கட்டுச்சோறு கொண்டுபோய், வழியில் மூங்கில் வளைவில் லோரியை நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். சட்டம் வந்த பிறகு அதுவும் போச்சு. திரும்பி வந்துதான் சாப்பாடு.

ஒருநாள் அவர் திரும்பி வரவில்லை. மூங்கில் வளைவிலேயே காட்டுக்குள்ளிருந்து சுட்டுவிட்டார்கள். யார் சுட்டது, எதற்குச் சுட்டது, இன்றுவரை எனக்குத் தெரியாது. உடம்பைப் போலீஸ்காரர்கள் நேராக டவுனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரடங்கு வேறு. எரித்த பிறகுதான் எங்களுக்குச் சேதி வந்தது. அவர் மனைவி அஞ்சலை அக்கா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாயில் அரிசி போடவில்லை. அக்கா அழவும் இல்லை. அதுதான் லயத்தில் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

லோரியைப் பழுது பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓட்ட ஆள் இல்லை. இன்னொரு லோரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்குக் கூடமாட உதவுகிறவனாக இருந்த எனக்குப் புதிதாக லைசன்ஸ் கிடைத்திருந்தது. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. மண்டோர், அதான் எங்கள் மேஸ்திரி, வந்து கேட்டதும் சரி என்றுவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "செத்தவன் சீட்டுல போய் உக்காரப் போறியாடா பாவி" என்று திட்டினார். எனக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வயசில் வேறென்ன தெரியும்?

நம்பினால் நம்புங்கள், முதல் நாளே மூங்கில் வளைவில் லோரி நின்றது. எஞ்சின் இருமவில்லை, திணறவில்லை, விளக்கை ஊதி அணைத்த மாதிரி அடங்கிவிட்டது. இறங்கி ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு ஆள் சாப்பிட்டு எழுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதுவாகக் கிளம்பியது. மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றான். பால் தாமதமாகப் போனால் கெட்டியாகிவிடும். "இன்னொரு தரம் நின்னுச்சுன்னா நீ மரம் வெட்டவே போய்க்கலாம்னு தொர சொல்லிட்டாரு" என்று மண்டோர் வந்து சொன்னார். அதைவிட, சுட்ட இடத்திலேயே தினமும் நின்றுகொண்டு காட்டைப் பார்த்தபடி ஹேண்டில் சுற்றுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

இதை நான் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. எப்படியோ அக்கா காதுக்குப் போய்விட்டது. கருமாதிக்கு முதல் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்குக் கொட்டகையில சோறு வேக லேட்டாயிருச்சு. இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னேன். வந்து சாப்பிடுறேன் அஞ்சலைன்னாரு. பசியோட போனவருப்பா. அதான் அந்த எடத்துல நிக்கிறாரு."

"அக்கா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பெட்ரோல்ல அழுக்கு."

"அழுக்கோ என்னமோ. நாளைக்குப் படையல் நான் இங்க போட்டா அவரு எப்படி வருவாரு? கேட்டுல விடுவாங்களா? நீ கொண்டுபோய் வையி. ஒரே ஒரு தரம். உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

சொன்னதோடு நில்லாமல் நிஜமாகவே குனிந்துவிட்டார். என்னைவிட எத்தனை வயசு மூத்தவர்! பதறிப்போய்ச் சரி சரி என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பிடிபட்டால் லைசன்ஸோடு நானும் உள்ளே போவேன். அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்.

மறுநாள் அக்கா தன் பங்குச் சோறு முழுவதையும் ஒரு மங்குத் தூக்கில் வைத்து, மேலே அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு நுனி இலை, சோடா போத்தலில் தண்ணீர். "முதுகு மூங்கிலுக்கு, முகம் ரோட்டுக்கு. அப்படித்தான் உக்காருவாரு. அதுக்கேத்த மாதிரி எலையப் போடு." தூக்கை சீட்டுக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடினேன்.

கேட்டில் ஹாஷிம் நின்றான். ஸ்பெஷல் போலீஸ். தோட்டத்துப் பக்கமே வளர்ந்தவன், எங்களைப் போலவே தமிழ் பேசுவான். ஆனால் சோதனை என்றால் விடமாட்டான். பால் டிரம்முக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தான். பிறகு சீட்டைத் தூக்கினான். சாக்கை விலக்கினான். மூடியைத் திறந்தான். குழம்பு வாசனை குப்பென்று வந்தது.

"யாருக்கு?" என்றான்.

நான் வேலிப் பக்கம் திரும்பினேன். வேலிக்கு உள்ளே, புது வெள்ளைச் சேலையில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹாஷிம் அங்கே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பெருமாள் அண்ணன் அவனுக்கும் சுருட்டுக் கொடுத்த ஆள்தான். மூடியை அழுத்தி மூடிவிட்டு, "ஒண்ணும் இல்ல. ஜாலான் லா, சீக்கிரம் போ" என்றான். அவன் நல்லா இருக்கட்டும். அவனும் மாட்டியிருப்பான்.

வளைவில் லோரி வழக்கம்போல நின்றது. ஓடிப்போய் இலையைப் போட்டேன், நுனி இடப்பக்கமாக. சோற்றைக் கொட்டினேன். "அண்ணே, சாப்பிடுங்க" என்று சொல்லவும் செய்தேன். திரும்பி ஏறி ஸ்டார்ட்டரை மிதித்ததும் எஞ்சின் உடனே பிடித்தது. ஃபேக்டரியில் பாலை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பயத்தையும் மீறி அங்கே இறங்கிப் பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை. இலை மடிந்து கிடந்தது.

காட்டில் ஒளிந்திருந்தவன் எவனாவது தின்றிருப்பான் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மடித்த விதம் இருக்கிறதே. சாவு வீட்டுச் சாப்பாட்டில் இலையை எதிர்ப்பக்கமாகத்தான் மடிப்போம், இது மறுபடி வரவேண்டாம் என்று. இது தன் பக்கமாக மடித்துக் கிடந்தது. கல்யாண வீட்டில், சொந்த வீட்டில் மடிப்பதுபோல. திரும்ப வருவேன் என்று சொல்லுகிற மடிப்பு. அவரை அனுப்பிவைக்கத்தானே அக்கா படையல் கொடுத்தார்? இதைப் போய் எப்படிச் சொல்வது? எதிர்ப்பக்கமாக மடித்திருந்தது என்று பொய் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"ஏன் தம்பி, தண்ணி வைக்கலையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரத்தில் போத்தலை மறந்துவிட்டேன். அது லோரியில் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது, தக்கைகூடத் திறக்காமல். அதை அக்கா பார்த்திருக்க வழியே இல்லை.

"கண்ணு லேசா அசந்துச்சு. வந்து பக்கத்துல நின்னாரு. கைகூடக் கழுவாம, எப்பவும்போல முந்தானையில தொடச்சிட்டு... இந்த மனுசனுக்கு எத்தன தரம் சொன்னாலும் புத்தி வராது" என்று முந்தானையை விரித்துக் காட்டினார்.

வெள்ளைச் சேலையில் கருவாட்டுக் குழம்புக் கறை. அவரே சமைத்தவர், அவர் கையே பட்டிருக்கலாம். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் அது ஒரு கை அகலத்துக்குப் பதிந்திருந்தது. கட்டைவிரல், அப்புறம் மூன்றே மூன்று விரல். அக்காவுக்கு இரண்டு கையிலும் எல்லா விரலும் உண்டு.

அக்கா அந்த முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் போன பிறகு அன்றுதான் முதல் அழுகை. லயமே ஓடி வந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அந்த லோரி மூங்கில் வளைவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நானும் அதை ஓட்டித்தான் பெரிய டிரைவர் ஆனேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். வேலியைப் பிரித்தார்கள், எங்கள் ஆட்கள் பாதிப் பேர் சிரம்பானுக்கும் லுக்குட்டுக்கும் போய்விட்டார்கள். அக்கா அந்த வீட்டை விட்டு நகரவில்லை. "அவரு வந்து தேடுவாருப்பா" என்பார். அந்தச் சேலையைத் துவைக்காமல் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார்.

வயசாகி அக்கா செத்தபோது, அவர் கேட்டிருந்தபடி அந்தச் சேலையைத்தான் உடுத்தினார்கள். உடுத்திவிட்ட பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. அவள் வெளியே வந்து என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "இதத் தொட்டுப் பாருங்க" என்றாள். முந்தானையைத் தொட்டேன். சேலை முழுக்கக் காய்ந்து, மடிப்பெல்லாம் பழுத்துப் போயிருந்தது. கறை இருந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது, சற்று முன்தான் யாரோ கை துடைத்ததுபோல. என் விரலில் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது.

அந்தக் கையைக் கழுவ எனக்கு மனசு வரவில்லை. அப்படியே போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தேன்.