ஜஹானா அணைத்த கிராமம்

ஜஹானா தான் உடைத்துப் பார்க்காத எதையும் நம்பமாட்டார். புதுக் குடை வாங்கினால் கடை வாசலிலேயே காற்றுக்கு எதிரே விரித்துப் பிடிப்பார். தினமும் அலவத்துகொடயிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பிலிமத்தலாவைக்கு இன்னொன்று. வந்து என் பக்கத்து மேசையில் உட்கார்ந்ததும் அவர் பார்க்கும் வேலையும் உடைத்துப் பார்ப்பதுதான்.

எங்கள் சின்ன அலுவலகம் ஸ்மார்ட் மீட்டர்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. வீட்டு மின்சார மீட்டர்கள் தம் கணக்கைத் தாமே மையக் கணினிக்கு அனுப்பும். ஒரு கிராமத்துக்கான மீட்டர்களை வாங்கிச் சோதிக்க எங்களுக்கு வசதியில்லை. ஆகவே ஒவ்வொரு மீட்டருக்கும் பதிலாக ஒரு கொன்டெய்னரை ஜஹானா உருவாக்கியிருந்தார். சேர்வருக்குள் தனித்தனி அறைகளாக ஓடும் மென்பொருள். ஒவ்வொன்றும் தன்னை ஒரு வீட்டின் மீட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். திரையில் அவை பச்சைப் புள்ளிகள்.

அன்று பிற்பகல் வாடிக்கையாளரின் பொறியியலாளர் றேணுகா வரவிருந்தார். அவர் சரி என்றால் மென்பொருள் மலைக் கிராமங்களின் உண்மையான மீட்டர்களுக்குள் போய்விடும். காலையில் ஜஹானா முதன்முறையாகத் திரையிலிருந்த கிராமம் முழுவதற்கும் மின்சாரத்தை வெட்டித் திரும்பக் கொடுத்தார். எல்லா மீட்டர்களும் ஒரே நொடியில் விழித்து மையத்தைக் கூப்பிட்டன. மையம் திணறியது. பதில் வராததால் எல்லாம் சேர்ந்து மறுபடி கூப்பிட்டன. திரை சிவப்பாகவே நின்றது.

பழைய சேர்வர் தாங்காது என்று கொன்டெய்னர்களை நாங்கள் எப்போதும் ஒவ்வொன்றாகத்தான் எழுப்புவோம். சேர்வருக்குப் பாவம் பார்த்ததில் இந்தக் கோளாறு இத்தனை மாதம் மறைந்திருந்தது.

"அந்த மேடம் கரண்ட கட் பண்ணச் சொல்லமாட்டாங்க," என்றார் முதலாளி ஹென்றி. "ஓடுறத காட்டுவோம். கடைசி நேரத்துல கைய வச்சு உள்ளதையும் கெடுத்துடாதீங்க."

"எங்கட ஊர்ல மழ பெஞ்சாலே லைட் போகும் சேர்," என்றார் ஜஹானா.

"உங்க ஊர்ல எதுக்குத்தான் போகாது?"

யாரும் சிரிக்கவில்லை. ஜஹானா எழுதத் தொடங்கியிருந்தார்: மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு மீட்டரும் வெவ்வேறு நேரம் காத்திருந்தே கூப்பிட வேண்டும். எழுதி முடிக்கும்போது வாசலில் வாகனம் வந்து நின்றது. சோதிக்க அவகாசமில்லை.

"பழசையே ஓட விடுங்க," ஹென்றி கிசுகிசுத்தார்.

"புதுச போட்டுட்டேன் சேர்."

பச்சைப் புள்ளிகளைப் பார்த்துத் தலையாட்டிய றேணுகா, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம், கொஞ்சம் இரிங்க," என்றார் ஜஹானா. "லைட்ட கட் பண்ணிக் காட்டல்ல. காலையில இதுலதான் விழுந்திச்சி. திருத்தினத இன்னும் ஓட்டிப் பாக்கல்ல."

ஹென்றியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஜஹானா வெட்டினார். கிராமம் சிவந்தது. திரும்பக் கொடுத்தார். ஒன்றுமில்லை. சேர்வரின் விசிறி மட்டும் இரைந்தது. பிறகு ஒரு மூலையில் ஒரு பச்சை. எங்கோ தள்ளி இன்னொன்று. ஆறுதலாக, அவசரமில்லாமல், எந்த ஒழுங்கும் இல்லாமல் அவை வந்துகொண்டிருந்தன. கீழ் வரிசை மட்டும் வரவில்லை.

றேணுகா கதிரையில் மறுபடி உட்கார்ந்தார். "அதுகளும் வருமா?"

"தெரியாது மேடம். பாக்கணும்."

பார்த்தோம். கீழ் வரிசையும் பச்சையானது.

"பழசு வேணாம். இதுதான் மீட்டருக்குள்ள போகணும்," என்றார் றேணுகா. "ஆனா எங்க பக்கம் கரண்ட் வந்த கையோட திரும்பப் போகும். அத செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

ஜஹானா அன்று முதன்முறையாகச் சிரித்தார். ஹென்றி பக்கம் திரும்பாமலே கிராமத்தை அணைத்தார்.