தழைக்கல் மேட்டில் ஒரு டிரிப்பு

பெட்ரோல் வாசனையை நான் முதன்முதலில் புளி வாசனையோடு சேர்த்துத்தான் முகர்ந்தேன். அதனால் இன்றைக்கும் எந்த ஊர்ப் பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றாலும் என் நாக்கின் ஓரம் ஊறுகிறது, கூடவே ஒரு சொல்லும் ஊறி வருகிறது: ‘டிரிப்பு’. எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இருந்த எங்கள் சிற்றூருக்கு அந்தச் சொல் ஜீப்பில் ஏறி வந்தது.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது ‘நடை’. ஊற்றுக்குப் போய்க் குடம் நிரப்பி வருவது ஒரு நடை, விறகுக்குப் போவது ஒரு நடை, புளிக்கூடையைத் தலையில் வைத்துத் திருப்பத்தூர் சந்தைக்கு இறங்கி ஏறினால் அதுவும் ஒரு நடைதான், ஆனால் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இழுபடும். காலும் தொலைவும் எண்ணிக்கையும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன. அந்தச் சொல் போதாது என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, என் அம்மாவைத் தவிர.

அந்த ஆண்டு நான் ஐந்தாவது. மலைமேல் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. ஆறாவது படிக்கத் திருப்பத்தூரில் விடுதியில் சேர வேண்டும். அம்மாவுக்கு ஆசை, அப்பாவுக்குப் பயம். சனிக்கிழமையானால் பிள்ளை வீட்டுக்கு வர வேண்டாமா, நாலு மணி நேரக் காட்டுவழியில் பத்து வயதுப் பெண் தனியாக நடப்பாளா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில், வண்டி வந்தால் அனுப்புகிறேன், வராவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடித்துவிட்டார். அப்படியாக என் படிப்பு முழுவதும், அதுவரை நான் கண்ணால் பார்த்திராத ஒரு வண்டியின் பின்சக்கரத்தில் போய் மாட்டிக்கொண்டது.

மரம் ஏற்றும் லாரிகளுக்காக வெட்டிய ‘கூப்பு ரோடு’ பாதி மலையோடு நின்றிருந்தது. மீதியை ஊர் ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒரு மாதம் வெட்டி முடித்ததும், ஊர்க்கவுண்டர் இறங்கிப் போய், அடிவாரத்தில் வாடகை ஜீப் ஓட்டிய சலீம் பாயிடம் பேசினார். வெறும் வண்டி எந்த மலையும் ஏறும், ஆட்களோடு ஏற வேண்டும் என்றார் பாய். சந்தை முடிந்து திரும்புகிறவர்களை ஏற்றி ஒரு டிரிப்பு அடித்துப் பார்ப்பேன், ஏறினால் சனிக்கிழமையும் சேர்த்து வாரத்தில் மூன்று நாள் வருவேன், ஏறாவிட்டால் அதோடு சரி. இன்னொன்றும் சொன்னார். வண்டியில் ‘செல்ஃப்’ எடுக்காது, தள்ளியோ உருட்டியோதான் கிளப்ப வேண்டும், ஆகவே ஏற்றத்தில் எங்கேயும் நிறுத்தச் சொல்லக் கூடாது. சந்தையன்று அவர் அதை மறுபடி சொன்னபோது வண்டியைச் சுற்றி நின்ற எல்லோரும் தலையை ஆட்டினோம்.

தலையாட்டிய அத்தனை பேர் கையிலும் ஒரு தழை இருந்தது. ஊருக்குக் கீழே கடைசி வளைவில், ஏற்றம் மூச்சை வாங்குகிற இடத்தில், ‘தழைக்கல்’ என்று ஒரு நட்ட கல். மேலே ஏறுகிறவர்கள் மண்ணில் கால் பட நின்று அதன்மேல் ஒரு தழையைப் போட்டு, கால் நோகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டுதான் மேட்டில் கால் வைப்பார்கள். பாய் அந்தத் தழைகளைப் பார்த்தார். ஈ ஓட்டுவதற்கு என்று நினைத்திருப்பார்.

பின்னால் புளி மணக்கும் காலிக் கூடைகளோடு, அம்மாவையும் சேர்த்துப் பதினோரு பேர். முன் சீட்டில் பாய்க்கும் ஓர் உப்பு மூட்டைக்கும் நடுவில் நான். கூப்பு ரோடு வரை வண்டி பாடிக்கொண்டே போனது, புது மண்ணில் முனகியது, தழைக்கல் வளைவில் எருமை மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு நடை வேகத்துக்கு வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நடை வேகத்தில் போகிற ஒன்றிலிருந்து இறங்க யாரைக் கேட்க வேண்டும்? கட்டிலிலிருந்து இறங்குவதைப் போல ஒவ்வொருவராகக் காலைத் தொங்கவிட்டு, பதினோரு பேரும் இறங்கிவிட்டார்கள். எனக்கும் இறங்கத்தான் ஆசை, உப்பு மூட்டை வழிவிடவில்லை. பாரம் குறைந்த வண்டி ஒரு துள்ளுத் துள்ளி மேட்டில் பாய்ந்தது.

“பார்ரா, இன்னா ஜோரா ஏறுது,” என்று பாய் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

ஊர் மந்தையில் அப்பாவும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். வண்டியை நிறுத்திச் சிரித்தபடி பின்பக்கம் போன பாயின் முகம் வெளுத்துவிட்டது. பதினோரு பேரையும் பள்ளத்தில் சிந்திவிட்டோம் என்றே அவர் நினைத்தார். தழை போட இறங்கினார்கள் என்று நான் சொன்னேன். நீ பார்த்தாயா, பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் அவர்கள் சந்தைக் கதை பேசிக்கொண்டு, சாவகாசமாக, மேடேறி வந்தார்கள்.

“நீங்கல்லாம் நடந்து வர்றதுக்கு நான் எதுக்குங்க வண்டி ஓட்டணும்?” என்றார் பாய். “இது டிரிப்பே இல்ல கவுண்டரே. வுட்டுடுங்க.”

ஊர்க்கவுண்டர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். என் கையில் போடாத தழை வாடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் போடாததால்தான் எல்லாம் கெட்டது என்று தோன்றி, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அம்மாதான் போய் முதல் ஆளாகக் காலி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

“இன்னைக்கித் தழ போட்டாச்சி, சாமி ரெண்டாவது கேக்காது,” என்றாள். “வளைவுக்குக் கீழ போய்த் திருப்பிக்கினு வரலாங்க பாய். எம்பொண்ணு படிக்கணும். எல்லாரும் ஏறிக் குந்துங்க, ஒரே ஒரு டிரிப்பு.”

அந்தச் சொல் அம்மாவின் வாயில் வந்தது அதுதான் முதல் முறை. ஏறி வந்த மேட்டையே இறங்கி மறுபடி ஏறுவதா என்று முனகியவர்களும் ஏறினார்கள். ஆண்கள் உப்பு மூட்டையை இறக்கப் போக, அதுவும் பாரந்தானே, இருக்கட்டும் என்று பாய் தடுத்துவிட்டார். கடைசியாக அப்பா, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, பன்னிரண்டாவது ஆளாக ஏறிக்கொண்டார்.

வண்டி இறக்கத்தில் உருண்டே கிளம்பியது. கீழே திருப்பி மறுபடி வளைவுக்கு வந்தபோது பின்சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணை வாரியது, பழக்கத்தில் எல்லோர் உடம்பும் எழுந்தது. அப்பா தன் கையைக் கதவுக் கட்டை போலக் குறுக்கே நீட்டி அத்தனை பேரையும் உட்கார வைத்தார். பாய் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் சேத்து ஒண்ணு போடும்மா.”

என் தழையை இரண்டாக ஒடித்து, உப்பு மூட்டையின் மேல் எக்கி, இரண்டையும் வீசினேன். கல்லில் விழுந்ததா, பாதையில் விழுந்ததா, தெரியாது. சக்கரம் எதையோ கவ்விக்கொண்டது. மேட்டின் மேல், பன்னிரண்டு பேரையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பாய் சொன்னார்: “இது டிரிப்பு.”

அப்பா என் பக்கம் திரும்பி, விடுதிக்குப் பெட்டி வேண்டுமா, பை போதுமா என்று கேட்டார்.

பிற்பாடு கல்லூரி நூலகத்தில் தடித்த அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். முதலில் அது பயணமே இல்லையாம். பழைய பிரெஞ்சில் துள்ளி ஆடுவது, பிறகு ஆங்கிலத்தில் லேசான காலெடுப்பு, அதன் பின் கால் தடுக்குவது, வெகுகாலம் கழித்துக் கடலோடிகள் தங்கள் குறும்பயணத்துக்கு அதை எடுத்துக்கொண்டார்களாம். அகராதியை மூடிவைத்துச் சிரித்தேன். துள்ளலும் தடுக்கலும் பயணமுமாக, அத்தனை நூற்றாண்டுகளையும் எங்கள் ஜீப் ஒரே சாயங்காலத்தில் ஓடி முடித்திருந்தது. ஊரிலும் அந்தச் சொல் சும்மா இருக்கவில்லை. தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் டிரிப்பு டிரிப்பாக வந்தன, தாய்வீட்டுக்கு வந்துபோன பெண்கள் டிரிப்பு அடித்தார்கள். ‘நடை’ கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டது.

இப்போது தார் ரோடு, பேருந்து. சலீம் பாயும் அப்பாவும் இல்லை. ரோட்டை அகலமாக்கியபோது தழைக்கல் போய்விட்டது, அந்த இடத்தில் கிலோமீட்டர் கல் நிற்கிறது. போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது, வளைவில் பேருந்து மூச்சு வாங்கி நடை வேகத்துக்கு வந்ததும் என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டன. நிறுத்தம் இல்லாத இடத்தில் இறங்கி, ஒரு தழையை ஒடித்துக் கிலோமீட்டர் கல்லின் மேல் வைத்துவிட்டு, மிச்ச மேட்டை நடந்துவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

மேட்டின் மேல், சமதளத்தில், பேருந்து எனக்காக நின்றிருந்தது. நான் மேடேறிக் கிட்டே போனதும், படியில் தொங்கிக்கொண்டிருந்த இளம் கண்டக்டர் ஏன் இறங்கினீர்கள் என்று கேட்கவில்லை.

“போட்டாச்சாம்மா? ஏறுங்க,” என்றார்.