தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது நடந்தது. எனக்கே நடந்தது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று ஊராரைக் கேலி செய்து திரிந்தவள்தான் நானும். நடுச்சாமத்தில் நடந்திருந்தால் கனவு என்று துடைத்துப் போட்டிருப்பேன். ஆனால் நடந்தது விளக்கு வைக்கிற நேரத்தில். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கையில் கரண்டியோடு நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகச் சுருளியம்மாள் பிறந்ததும் அவளைத் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளையை முறத்தில் போட்டு இன்னொருத்தி கையில் கொடுத்து, அவளிடம் ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வது. வளர்ப்பதெல்லாம் நாம்தான். ஆனால் கணக்குக்குப் பிள்ளை அவளுடையது. எமன் தேடி வந்தாலும், இது இவள் பெற்ற பிள்ளை இல்லை என்று ஏமாந்து திரும்பிவிடுவானாம். ‘யாரு புள்ள?’ என்று யார் கேட்டாலும் பெற்றவள் ‘எம் புள்ள’ என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. பிள்ளையும் பெற்றவளை ஆத்தா என்று கூப்பிடக் கூடாது. சுருளி என்னை அக்கா என்பாள்.

வாங்கியவள் பவுனு. பண்ணைப்புரத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி, கூடவே வளர்ந்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தவிட்டை என் மடியில் கொட்டிவிட்டு, முறத்தோடு பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து ஆறு வருஷம், யார் கேட்டாலும் ‘பவுனு புள்ள’ என்றுதான் சொன்னேன். நாக்கு அப்படியே பழகிப்போனது.

பவுனும் அவள் புருஷன் ராக்கையாவும் பிழைப்புக்காக மலைமேல் ஏலக்காட்டுக்குப் போய்விட்டார்கள். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தபோது, பிள்ளைகளோடு வந்து குளிர்ச்சியாக இருந்துவிட்டுப் போகச் சொல்லி ராக்கையா ஆள் விட்டார். அவரும் எங்கள் வீட்டுக்காரரும் பால்ய சிநேகிதர்கள். சேர்ந்துவிட்டால் இரண்டும் மீசை முளைத்த சிறுபயல்கள்தான்.

கம்பமெட்டு ஏறினால் திருவிதாங்கூர். வேறு ராஜா, வேறு காசு, வேறு பேச்சு. ‘கஸ்தூரி சீமைக்குல்ல போறா!’ என்று தெருவே என்னைக் கேலி செய்தது. மெட்டுச் சுங்கச் சவுக்கையில் ஒரு சேவகன் எங்கள் மூட்டையில் புகையிலை இருக்கிறதா என்று கிளறினான். சுருளி அவன் தொப்பியைப் பார்த்துவிட்டு, “ராசாவா?” என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே எங்களை விட்டுவிட்டான்.

பவுனு பாதி வழிக்கே ஓடி வந்துவிட்டாள்.

“எம் புள்ள வந்துருச்சு!”

என்னை ஒரு பேச்சுக்குக்கூட ‘வா’ என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நாலு நாள் நாங்கள் ராஜபோகமாக இருந்தோம். ஆண்கள் தேன் எடுக்கப் போனார்கள். என் சின்னவன், ஒன்றரை வயசு சின்னக்கருப்பு, ராக்கையாவின் நாயைப் பிடித்துக்கொண்டு நடை பழகினான். பவுனு சுருளியை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

அதற்கடுத்த நாள் சுருளிக்குக் குளிர் வந்தது. பல் கிட்டியது. மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. மலைக்காய்ச்சல். மறுநாள் உடம்பு கொதித்தது. கண் செருகியது. ஆண்கள் இரண்டு பேரும் விடியும் முன்னே, தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்து கம்பவுண்டரையும் கொய்னா மருந்தையும் கொண்டுவரப் போனார்கள். அது இரண்டு மலை தாண்டி இருந்தது.

எனக்கு ஏற்கெனவே இரண்டு போயிருக்கிறது. இந்த முகத்தை எனக்குத் தெரியும். மூக்கு நுனி வெளுக்கிற அந்த முகம்…

மத்தியானம் சுருளி, “பாலு…” என்று முனகினாள்.

பவுனு செம்பை எடுத்தாள். “ஓடைக்கு அங்கிட்டுக் கருத்தம்மா வீட்டுல ஆடு கறக்குது. இந்தா வந்துட்டேன்.”

“மழ வரும் போலருக்குடி.”

“எம் புள்ள பாலு கேக்குது.”

போய்விட்டாள்.

மழை பிடித்தது. விட்டது. மலையாளத்தில் மஞ்சு என்பார்களே, அந்த மேகம் இறங்கி வாசலை மூடியது. எதிரே இருந்த மரம்கூடத் தெரியவில்லை. ஓடை இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பவுனு வரவில்லை. ஆண்களும் வரவில்லை.

தோட்டத்தில் வேலை முடிகிற கொம்பு ஊதினார்கள். பூ… என்று மேகத்துக்குள் அது நீளமாகக் கேட்டது. நான் விளக்கை ஏற்றினேன்.

“கஸ்தூரி.”

வாசலில் பவுனு நின்றாள்.

“என்னடி இம்புட்டு நேரம்? பாலு எங்க?”

கையில் செம்பு இல்லை.

“உள்ள வாடி. நனைஞ்சிருப்ப…”

அப்போதுதான் பார்த்தேன். அவள் நனையவில்லை. அத்தனை மழைக்குப் பிறகு சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இன்னொன்றும் சரியில்லை. அவள் சுருளியைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழையும் முன்னே பிள்ளையைத் தேடுகிற கண், அன்று கட்டில் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

“தவுடு குடு,” என்றாள்.

“என்னது?”

“அன்னைக்கு நாங் குடுத்த தவுட்டத் திருப்பிக் குடு. ஒரு படி. ஒம் புள்ளைய நீ எடுத்துக்க.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? இந்த நேரத்துல…”

“குடு, கஸ்தூரி. நேரமில்ல.”

குடத்துக்குள் இருந்து பேசுவது போல இருந்தது அந்தக் குரல். கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அள்ளினேன். அவள் முந்தியை ஏந்தினாள். கொட்டும்போது என் விரல் அவள் கையில் பட்டது.

ஓடைக் கல்லைத் தொட்டது போல இருந்தது.

“கதவச் சாத்திக்க. யாரு வந்து கேட்டாலும் எம் புள்ளன்னு சொல்லு. எம் பேரச் சொல்லிராத.”

“நீ எங்கடி போற?”

வாசலில் மேகம் மட்டும் இருந்தது.

கதவைச் சாத்தினேன். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டது. குரைக்கவில்லை. அழுதுகொண்டிருந்த சின்னக்கருப்பு சட்டென்று நிறுத்தினான்.

சரக்… சரக்…

வெளியே யாரோ சருகை மிதிக்கிறார்கள்.

மழையில் ஊறிய சருகு எப்படிச் சத்தம் போடும்?

சரக்… சரக்…

குடிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கதவுக்கு நேரே நின்றது.

“உள்ள படுத்திருக்கிறது யாரு புள்ள?”

ஆண் குரல் இல்லை. பெண் குரலும் இல்லை. அவசரமே இல்லாமல், வழி கேட்பது போலக் கேட்டது.

ஆறு வருஷப் பழக்கம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

‘பவு…’

கடித்துக்கொண்டேன். வாயில் ரத்தம் கரித்தது.

“எம் புள்ள.”

பெற்ற நாளிலிருந்து அன்றுதான் அதைச் சொன்னேன்.

“நெசமாவா?”

“பத்து மாசம் சொமந்து பெத்த எம் புள்ள!”

ஒன்றும் கேட்கவில்லை…

கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

“அப்ப, பவுனு புள்ள எங்க?”

“இங்கன இல்ல.”

சரக்… சரக்…

ஓடைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

நான் சுருளிமேல் விழுந்து தொட்டுப் பார்த்தேன். வேர்வை! நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்தாள்.

“ஆத்தா… பசிக்குது.”

அக்கா என்று சொல்லவில்லை. அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

ஆண்கள் கம்பவுண்டரோடு வந்து சேர்ந்தபோது சுருளி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ராக்கையா ஈரத் துண்டைக்கூட உதறவில்லை.

“பவுனு எங்கம்மா?”

நான் பதில் சொல்லும் முன்னே தீப்பந்த வெளிச்சம் ஒன்று மேட்டில் ஏறி வந்தது. கருத்தம்மாளின் புருஷன்.

பவுனு மத்தியானமே ஓடையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். பாறையில் பின்மண்டை அடி. கருத்தம்மாள்தான் இழுத்துப் போட்டுத் தன் குடிசைக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். ஓடையில் வெள்ளம் வடிகிற வரை இந்தப் பக்கம் சொல்லிவிட வழியில்லை. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

“மத்தியானத்துலருந்து எந்திரிக்கவே இல்லையா?” என்று கேட்டேன்.

“நான் பாத்த வரைக்கும் கண்ணே முழிக்கல தாயி.”

ராக்கையா ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓவென்று அலறிக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் நானும் போனேன். என் பவுனு வாழையிலை மேல் கிடந்தாள். என்னோடு கூழாங்கல் பொறுக்கினவள். என் பிள்ளையைக் கேட்டதும் வாங்கிக்கொண்டவள். வலது கை மூடியே இருந்தது. பிரித்தோம். ஒரு பிடி தவிடு. ஓடையில் விழுந்து நனைந்த உடம்பில், உலர்ந்த தவிடு.

யாரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பிள்ளைக்காக அவள் வந்தாள், எப்படியோ வந்தாள், அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதோடு முடிந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

குளிப்பாட்டி முடித்ததும் கருத்தம்மாள் என்னைக் குடிசைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“தாயி, இது ராக்கையா அண்ணனுக்குத் தெரியாது. அவ முழுகாம இருந்தா. மூணு மாசம். எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா. நீங்கள்லாம் ஊருக்கு எறங்குறன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தா.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“பேச்சு மூச்சில்லாமத்தான் கெடந்தா. கொம்பு ஊதி அடங்குன பெறகு வெளிய சருகு மிதிபடுற மாதிரி இருந்துச்சு. இந்த மஞ்சுக்குள்ள யாரு வாராகன்னு நான் எட்டிப் பாத்தேன். யாருமில்ல. திரும்புனா, இவ கண்ணத் தொறந்து வாசலப் பாக்குறா. ரெண்டு கையையும் வயித்துமேல வச்சா. ‘இங்கன இருக்கு’ன்னா. அம்புட்டுத்தான், போயிட்டா.”

கருத்தம்மாள் என் முகத்தையே பார்த்தாள்.

“நான் ஒண்ணும் கேக்கல தாயி. அவ யாருக்குப் பதில் சொன்னா?”