அத்திம்பேருக்கு எழுதிய கடிதம்

எங்கள் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை ஜெர்மனிக்குப் புறப்படும் முன், “உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மாடல் ரயில் செட் வாங்கிண்டு வரேன். எந்த சைஸ்னு முடிவு பண்ணி எழுதுங்கோ” என்றார். அண்ணாவுக்கும் எனக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் நின்று வண்டி பார்க்கிற பழக்கம் இருவரையும் விடவில்லை.

அண்ணா ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். தி. நகர் வீட்டு மாடியறைக்கு என்னைக் கூப்பிட்டு, இரண்டு அளவுகளையும் காகிதத்தில் வரைந்து காட்டினார். எச்.ஓ. என்கிற பெரிய அளவில் எஞ்சின் ஏறக்குறைய ஒரு சாண். ‘என்’ என்கிற சின்ன அளவில் அதில் பாதிதான்.

“எச்.ஓ.தான்டா வேணும். சாதாரணமா கரண்ட்டைக் கூட்டினா தண்டவாளத்துல நிக்கற எல்லா எஞ்சினும் சேர்ந்து ஓடும். நான் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சர்க்யூட் வைக்கப்போறேன். இந்தக் குமிழைத் திருப்பினா இந்த வண்டி மட்டும் போகும், மத்தது நிக்கும்.”

மேஜைமேல் இரண்டு சின்ன மோட்டார்களை ஒரே ஜோடிக் கம்பியில் இணைத்திருந்தார். குமிழைத் திருப்பியதும் ஒன்று மட்டும் சுழன்றது. அண்ணா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். சர்க்யூட் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. எச்.ஓ. எஞ்சினுக்குள் மட்டுமே அதற்கு இடம் உண்டு.

“உன் கையெழுத்துதான் நன்னாயிருக்கும். நீயே அத்திம்பேருக்கு எழுதிடு.”

மந்தைவெளியில் எங்களுக்கு ஒன்றரை அறைப் போர்ஷன். எச்.ஓ. வந்தால் அது அண்ணாவின் மாடியறையில்தான் இருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. சின்ன அளவென்றால் ஒரு பலகையில் பொருத்தி என் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். ‘சின்ன சைஸ் போதும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்’ என்று எழுதி, தபால் பெட்டியில் போட்டேன்.

நாலு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. அண்ணாவை என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

“எச்.ஓ. கெடைக்கலையாம் அண்ணா” என்றேன்.

“அப்படியா?” என்றார். எஞ்சினைக் கவிழ்த்து, திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மோட்டார் இடத்தையெல்லாம் அடைத்திருந்தது. “இதுக்குள்ள எறும்புகூடப் போகாது” என்று சொல்லிவிட்டு, மூடியைத் திரும்பப் பொருத்தினார். அடுத்த வாரமே ஒற்றைக் குமிழ் வைத்த சாதாரண கன்ட்ரோலர் ஒன்றைச் செய்து கொண்டுவந்து கொடுத்தார். தண்டவாளத்தைப் பலகையில் பதிக்கவும் கூடவே உட்கார்ந்தார். அவர் குனிந்து ஆணி அடித்ததைப் பார்க்க முடியாமல், காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன்.

ஒன்றரை வருஷம் அந்த ரயிலை ஓட்டினேன். அண்ணாவின் மாடியறை மேஜை காலியாகிவிட்டதைப் பார்த்த அன்று தாங்கவில்லை.

“அண்ணா, நான் பொய் சொன்னேன். சின்ன சைஸ்னு எழுதினது நான்தான்.”

“தெரியும்டா. பெட்டி வரதுக்கு முன்னாடியே அத்திம்பேர் எனக்கும் ஒரு லெட்டர் போட்டிருந்தார்.”

“அப்பவே ஏன் கேக்கலை?”

“கேட்டு? நீ ஆசைப்பட்டே.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்ப எச்.ஓ. வரவழைக்கலாமே, அத்திம்பேர் அடுத்த மாசம்...”

“வேண்டாம். சர்க்யூட்டைப் பிரிச்சுட்டேன். காலேஜ் லாபுக்கு டிரான்சிஸ்டர் வேண்டியிருந்தது.”

அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். படியிறங்கியபோது அண்ணாவின் மனைவி, எங்கள் மன்னி, வாசல்வரை வந்தார்.

“சொல்லிட்டேளா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “அந்த லெட்டர் வந்த அன்னிக்கு அவர் சாப்பிடவே இல்லை. உங்களண்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கிண்டார்.”

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.